பிள்ளை ‘கேரக்டர் டிசைன்’ படிக்கக் கேட்டால்... 15,000 பள்ளி ஆய்வகங்களும் நம் வீட்டுக் கேள்விகளும்

2026-27ஆம் ஆண்டுக்கான ஒன்றிய பட்ஜெட்டில் வந்த ஓர் அறிவிப்பு நம் சமுதாயத்தில் அதிகம் பேசப்படவில்லை. நாடு முழுவதும் 15,000 பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கான ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். மும்பையில் தொடங்கப்பட்டுள்ள இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் இதை முன்னின்று நடத்தும். 2030க்குள் இந்தத் துறைகளுக்கு 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்ற கணிப்பையும் அவர் சேர்த்துச் சொன்னார். இது திடீரென முளைத்த திட்டமும் அல்ல. 2022 பட்ஜெட்டிலேயே இதற்கென ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மும்பை நிறுவனத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அரசு ஒரு துறையின் பெயரைச் சொன்னால் போதும், மறுநாளே அதன் பெயரில் பயிற்சி நிலையங்களின் விளம்பரம் வாட்ஸ்அப் குழுமங்களில் வலம் வரத் தொடங்கிவிடும். ‘கேரக்டர் டிசைன்’, ‘வெக்டர் இல்லஸ்ட்ரேஷன்’, ‘100 சதவீத வேலை உத்தரவாதம்’. பிளஸ் டூ முடித்த பிள்ளை கைபேசியை நீட்டி, “அத்தா, இதுல சேத்து விடுங்க” என்கிறது. அத்தாவுக்கு உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மார்க்கத்தில் இது கூடுமா? படித்தால் வேலை கிடைக்குமா?

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டிய காலத்தில் இருக்கிறோம். கணினியில் ஒரு வரி தட்டினால் பத்து விநாடியில் படம் வந்துவிடுகிற இந்த நாளில், அந்த நிலையம் எதைக் கற்றுக்கொடுக்கப் பணம் கேட்கிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் நிதானமாகப் பதில் தேடலாம்.

வெக்டர் என்றால் என்ன?

பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரக்காரர் அடுக்கும் சொற்களில் மிரள வேண்டியிருக்காது. கைபேசியில் எடுக்கும் புகைப்படம் இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் கலங்கிப்போகும். வெக்டர் படத்தில் அப்படிப் புள்ளிகள் நிரப்பப்படுவதில்லை. இந்த இடத்தில் தொடங்கி, இந்தப் பக்கம் வளைந்து, அந்த இடத்தில் முடி என்ற கணக்குதான் சேமிக்கப்படுகிறது. அதனால் ஒரே கோப்பை விசிட்டிங் கார்டிலும் அச்சடிக்கலாம், நெடுஞ்சாலை விளம்பரப் பலகையிலும் அச்சடிக்கலாம், கோடு சிதையாது. நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தத் தமிழ் எழுத்துகளும் அப்படிப்பட்ட வளைகோடுகள்தாம்.

இந்த வளைகோட்டுக் கணக்கு ஓவியர்களிடமிருந்து வந்ததல்ல என்பது ஒரு சுவையான செய்தி. கார் உடலின் வளைவுகளைத் துல்லியமாகக் குறிக்க பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேவும் தனித்தனியே 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது அது. இன்றும் ‘பெசியே வளைவு’ என்றே சொல்கிறார்கள். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள் 1987இல் அதை ஓவியர் கைக்குக் கொண்டுவந்தது.

மென்பொருளை இயக்கக் கற்பது ஓரிரு மாத வேலை. பேனாக் கருவியால் புள்ளி வைப்பது, வளைவை இழுப்பது, வண்ணம் நிரப்புவது, அடுக்குகளைப் பிரிப்பது, அவ்வளவுதான். கதாபாத்திர வடிவமைப்பு இதிலிருந்து வேறு. ஒரு பாட்டியை வரைய வேண்டும் என்றால், அவர் முகத்தைப் பார்க்காமலே, கறுப்பு நிழலை மட்டும் பார்த்து, ‘இவர் பாட்டி, கொஞ்சம் கண்டிப்பானவர், முழங்கால் வலி உள்ளவர்’ என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். அதே பாட்டியை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் வரைய வேண்டும். சிரித்தால், கோபப்பட்டால், தொழுகைக்கு உளூச் செய்ய உட்கார்ந்தால் எப்படி இருப்பார் என்று தனித்தனித் தாள்கள் வேண்டும். எங்கே பார்த்தாலும் அவர் அதே பாட்டியாக இருக்க வேண்டும். இதற்குப் பார்க்கும் கண்ணும், வருடக்கணக்கில் பழகிய கையும் தேவை. மூன்று மாத வகுப்பில் அது வராது.

இயந்திரம் பறித்தது எது, விட்டுவைத்தது எது

2025 மார்ச் இறுதியில் உலகமே தன் குடும்பப் படங்களை ஜப்பானின் ஜிப்ளி ஸ்டுடியோ பாணியில் மாற்றிப் பகிர்ந்ததை நாம் பார்த்தோம். நம்மவர்களும் நிக்காஹ் படத்தையும் பெருநாள் படத்தையும் அப்படி மாற்றிப் போட்டார்கள். பிறருடைய நாற்பது ஆண்டு உழைப்பை அனுமதியின்றி நகலெடுக்கிறோமே என்று அப்போது யோசித்தவர்கள் குறைவு. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், இல்லஸ்ட்ரேட்டருக்குள்ளேயே எழுத்தைப் படித்து வெக்டர் படம் தரும் வசதியை அடோபி வைத்துவிட்டது. படங்களை விற்கும் அதன் இணையக் கிடங்கு 2022 டிசம்பர் முதலே செயற்கை நுண்ணறிவில் உருவான படங்களை ஏற்கத் தொடங்கியது.

இதனால் அடிபட்டது ஏணியின் கீழ்ப்படி. கடைக்கு ஒரு லோகோ, பெருநாள் வாழ்த்துக்கு ஒரு படம், பள்ளி ஆண்டு மலருக்கு நாலு சித்திரம் என்று மாணவர்கள் செய்துகொண்டிருந்த சில்லறை வேலைகளைக் கடைக்காரரே இப்போது கைபேசியில் செய்துகொள்கிறார். ‘படித்துக்கொண்டே வீட்டிலிருந்து சம்பாதிக்கலாம்’ என்று விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படியைத்தான். அந்தப் படி ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

மேற்படிகள் நிற்கின்றனவா? ஓரளவு நிற்கின்றன. இயந்திரம் தரும் வெக்டர் கோப்பைத் திறந்து பார்த்தால் பத்துப் புள்ளியில் முடிய வேண்டிய வளைவில் நூறு புள்ளிகள் கிடக்கும். கையை மட்டும் அசைக்க வேண்டும் என்றால் கையும் சட்டையும் ஒன்றாக ஒட்டியிருக்கும். அனிமேஷனுக்கு அது உதவாது. யாராவது உட்கார்ந்து பிரித்து, ஒழுங்குபடுத்தி, மூட்டு மூட்டாகக் கட்ட வேண்டும். இந்தக் குறை நாளுக்கு நாள் சரிசெய்யப்பட்டு வருகிறது என்பதும் உண்மை. ஆகவே இதை மட்டுமே நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கட்டக் கூடாது.

உறுதியாக நிற்பது உரிமை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில், மிட்ஜர்னி என்ற கருவியால் படங்கள் உருவாக்கப்பட்ட ஒரு காமிக்ஸ் நூலை எடுத்துக்கொண்டு, கதைக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, இயந்திரம் தந்த படங்களுக்கு இல்லை என்று முடிவு செய்தது. 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பதிப்புரிமை பெற மனிதர் படைத்ததாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கதாபாத்திரத்தின் வியாபார மதிப்பே அதன் உரிமையில்தான் இருக்கிறது. பள்ளிப்பை, சாப்பாட்டு டப்பா, கதைப்புத்தகம், திரைப்படம் எல்லாவற்றுக்கும் அந்த உரிமையைத்தான் விற்கிறார்கள். கையால் வரைந்து வளர்த்த தாள்களை வரிசையாகக் காட்டக்கூடியவருக்கே அந்த வியாபாரத்தில் இடம். கற்க வேண்டியது மென்பொருளா, வரைதலா என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

கூடுமா, கூடாதா?

இந்தக் கேள்வியை மழுப்பிவிட்டுப் போவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. பாதி வழியில் யாரோ ஒருவர் ‘நீ செய்வது ஹராம்’ என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை உடைந்துபோகும், அல்லது மார்க்கத்தின் மீதே கசப்பு கொள்ளும். இரண்டையும் நாம் பார்த்து வருகிறோம்.

உயிருள்ளவற்றின் உருவங்களைப் படைப்பவர்கள் மறுமையில் கடுமையாக விசாரிக்கப்படுவார்கள் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் ஆதாரப்பூர்வமான ஹதீஸ்கள் உள்ளன. யாரும் மறுக்க முடியாதவை அவை. உருவம் வரைவதே தம் பிழைப்பு என்று வந்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இந்த எச்சரிக்கையைச் சொன்னபோது அந்த மனிதர் நடுங்கிப்போனார்; வரைந்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்று அவர்கள் வழிகாட்டினார்கள். இந்தச் செய்தியில் ஒரு நுணுக்கம் உண்டு. பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட்டு வந்தவரை வெறும் தடையோடு அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. கைத்தொழிலை விடாமல் அதன் திசையை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் சிறகு வைத்த குதிரை ஒன்றைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. இவற்றையெல்லாம் வைத்து இமாம்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். முழு உருவமாக உயிரினங்களை வரைவதைப் பெரும்பாலான முற்கால அறிஞர்கள் தடுத்தனர். நிழல் விழும் சிலைகளைத் தடை என்றும், தட்டையான படங்களை வெறுக்கத்தக்கது என்றும் பிரித்துப் பார்த்தவர்கள் மாலிக்கி மத்ஹபில் உண்டு. புகைப்படம் வந்தபோது எகிப்து முஃப்தி முஹம்மது பகீத் அல்முத்தீஈ அதை அனுமதித்து எழுதினார். குழந்தைகளின் கல்விக்கான சித்திரங்களைப் பொம்மை ஹதீஸின் அடிப்படையில் ஆகுமாக்குபவர்கள் இன்று இருக்கிறார்கள்; அந்தச் சலுகையைப் பெரியவர்களின் தொழிலுக்கு நீட்டக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். தமிழகத்தில் ஜமாஅத்துக்கு ஜமாஅத் கருத்து மாறுகிறது. நபிமார்களை வரையக் கூடாது என்பதில் மட்டும் நம்மில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

செய்ய வேண்டியது எளிது. பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் நம்பிப் பின்பற்றும் ஆலிமிடம் பிள்ளையையே கூட்டிச் சென்று கேட்க வையுங்கள். ‘ஓவியம் கூடுமா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘குழந்தைகள் பாடப்புத்தகத்துக்கு மனித உருவம் வரையலாமா? முக விவரம் இல்லாமல் வரைந்தால்? விலங்குகள்? பேசும் கார், பேசும் பழம்?’ என்று பிரித்துக் கேளுங்கள். ஆலிம் கடுமையான கருத்து உடையவராக இருந்தாலும் கதவு மூடிவிடாது. வெக்டர் கலையில் உருவமில்லாத வேலைகள் ஏராளம்: எழுத்துரு வடிவமைப்பு, வரைபடங்கள், மருத்துவ விளக்கப் படங்கள், செயலிகளின் சின்னங்கள், துணி அச்சு, கட்டட அலங்காரம். அதிலும் நம் மரபுக்கு இது அந்நியமே இல்லை. வட்டமும் நேர்கோடும் மட்டும் கொண்டு முடிவில்லாமல் விரியும் நட்சத்திரக் கோலங்களை நம் முன்னோர் வரைந்தது கவராயமும் அளவுகோலும் வைத்துத்தான். இன்றைய வெக்டர் மென்பொருள் செய்வது அதே வேலை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய கல் பள்ளிவாசல்களின் தூண்களைப் போய்ப் பாருங்கள். பக்கத்துக் கோயிலில் வேலை செய்த அதே கைத்திறன், உருவத்தை விட்டுவிட்டுப் பூவையும் கொடியையும் கட்டங்களையும் செதுக்கியிருக்கிறது. அந்தக் கோலங்களை அளந்து வெக்டராக வரைந்து தொகுப்பது ஒரு மாணவருக்கு முதல் தரமான பயிற்சி. யாராவது செய்தால் வரலாற்றுக்கும் உதவும்.

இன்னொன்று. வரையலாமா என்ற கேள்வியில் நாம் செலவழிக்கும் கவனத்தில் பாதியையாவது, யாருக்காக வரைவது என்பதிலும் செலவழிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் மேசைக்கு மதுபான விளம்பரமும் வரும், ரம்மி செயலிக்கான ராணிப் படமும் வரும், ஆபாசமான உடையில் ஒரு கேம் நாயகியும் வரும். இணையச் சூதாட்ட நிறுவனங்கள் நல்ல சம்பளத்துக்குப் பல ஓவியர்களை வைத்திருந்தன. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசு சட்டம் போட்டுத் தடை செய்ததும் அந்த நிறுவனங்கள் ஆட்களைக் கூட்டமாக வெளியேற்றின. ஹராமான சம்பாத்தியத்துக்கு உலகத்திலும் உறுதியில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு இது நேரடி உதாரணம். எந்த வேலையை மறுப்பது என்று சேர்வதற்கு முன்பே முடிவெடுத்தவருக்கு மறுப்பது எளிது.

அல்லாஹ் நன்கறிந்தவன்.

நம் முகத்தை வரைவது யார்?

நாம் ஒதுங்கிக்கொண்டால் கதாபாத்திரங்கள் வரையப்படாமல் போய்விடுமா? 1992இல் வெளிவந்த டிஸ்னியின் ‘அலாவுதீன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். வில்லன் ஜாஃபருக்குக் கறுத்த முகம், கூரிய மூக்கு, முறுக்கிய தாடி, கோணல் கோணலான உடல். நாயகன் அலாவுதீனுக்கு மழித்த முகம். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸை மனதில் வைத்து வரைந்ததாக அதன் கலைஞர்களே சொன்னார்கள். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். யார் அதிகம் ‘அரபி’யாகத் தெரிகிறாரோ அவர் கெட்டவர். இது வசனத்தில் எங்கும் சொல்லப்படவில்லை, கோட்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது. அமெரிக்க அரபு அமைப்புகள் போராடியதில் தொடக்கப் பாடலில் ஒரு வரி மாற்றப்பட்டது. உருவங்கள் அப்படியே இருந்தன. ஜாக் ஷாஹீன் என்ற ஆய்வாளர் 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, அரபிகள் எப்படி மீண்டும் மீண்டும் கெட்டவர்களாகவே வார்க்கப்பட்டார்கள் என்று 2001இல் நூலே எழுதினார்.

கதாபாத்திர வடிவமைப்பு வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம் இதுதான்: வட்டம் அன்பு, சதுரம் உறுதி, முக்கோணம் ஆபத்து. யாருக்கு வட்டம், யாருக்கு முக்கோணம் என்று தீர்மானிப்பவர் யார் என்பதில் அரசியல் இருக்கிறது. நம் ஊர்ச் சித்திரங்களில் முஸ்லிம் என்றால் தொப்பி, தாடி, லுங்கி. பெண் என்றால் கறுப்புத் துணி போர்த்திய ஓர் உருவம். வாணியம்பாடித் தோல் தொழிலாளியும் காயல்பட்டினத்து வியாபாரியும் மேலப்பாளையத்துப் பீடி சுற்றும் பெண்ணும் நாகூர் மீனவரும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ‘முஸ்லிம் குடும்பம்’ என்று கேட்டால் அது ஏற்கெனவே உலகில் குவிந்து கிடக்கும் இப்படிப்பட்ட படங்களிலிருந்துதான் எடுத்துத் தரும். இவர்களை அருகிலிருந்து பார்த்தவர் வரையாத வரை புதிய படம் பிறக்காது.

மலேசியா இதில் ஒரு பாதையைக் காட்டியிருக்கிறது. நோன்பு வைப்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர 2007 ரமளானில் சிறு தொடராக வந்த ‘உபின் இபின்’ இன்று அந்த நாட்டின் அடையாளங்களில் ஒன்று. கிராமத்தில் பாட்டியோடும் அக்காவோடும் வளரும் இரண்டு அனாதைச் சிறுவர்களின் கதை. அவர்களின் நண்பர்களில் ராஜூ என்ற தமிழ்ச் சிறுவனும், மெய் மெய் என்ற சீனச் சிறுமியும், ஜர்ஜித் என்ற சீக்கியச் சிறுவனும் உண்டு. அதன் உருவாக்கத்தில் இருந்தவர்கள் அங்குள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவந்த இளைஞர்கள். அவர்களில் சிலர் பிரிந்து சென்று தனி நிறுவனம் தொடங்கி, 2011இல் ‘போபோய்பாய்’ என்ற சிறுவனைப் படைத்தார்கள். அதற்கெல்லாம் முன்பு, 1979இல், லாத் என்ற முஸ்லிம் கார்ட்டூன் கலைஞர் தன் கம்பத்து வாழ்க்கையைக் கறுப்பு மையால் வரைந்து ‘கம்போங் பாய்’ என்று புத்தகமாக்கியிருந்தார். தொழுகை, சுன்னத்துக் கல்யாணம், ஆற்றுக் குளியல் என எல்லாம் சிரிப்போடு அதில் வந்தன. பாகிஸ்தானில் கையால் வரைந்த முதல் முழுநீள அனிமேஷன் படமான ‘தி கிளாஸ்வொர்க்கர்’ 2024இல் திரைக்கு வந்தது. அதற்காக உஸ்மான் ரியாஸ் என்ற இளைஞர் ஒரு ஸ்டுடியோவையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. மலேசியாவில் அரசின் ஆதரவு தொடர்ந்து இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது; தனிமனித ஆர்வத்தால் மட்டும் இது நடந்துவிடவில்லை.

தமிழில் நம் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது? மக்தப் பாடநூல்களைப் புரட்டினால் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய படங்கள். உளூச் செய்யும் முறையைக் காட்டும் சிறுவன் எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாது. ஒவ்வொரு ஜமாஅத்தும் தனித்தனியே பாடநூல் அச்சடிக்கிறது. ஓவியருக்கென்று ஒரு ரூபாய் ஒதுக்குவதில்லை. பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவதைப் பற்றிப் பேசும் முன், வந்த பிள்ளைக்கு நாம் என்ன வேலை கொடுத்தோம் என்பதையும் பேச வேண்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வசூல் செய்யும் நமக்கு, ஒரு நல்ல படத்துக்குக் கூலி கொடுப்பது மட்டும் வீண்செலவாகப் படுகிறது.

பணம் கட்டும் முன்

விஷயம் இப்போது காசுக்கு வருகிறது. தனியார் நிலையங்களின் கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களில் முடிகிறது. கையில் இல்லாதவர்களை வங்கிக் கடனுக்கு அவர்களே அழைத்துச் செல்கிறார்கள். வட்டியில் சிக்கி வாங்கும் சான்றிதழுக்கு இந்தத் துறையில் மதிப்புக் குறைவு. வேலை தருபவர் முதலில் கேட்பது வரைந்த படங்களின் தொகுப்பை. அதனால் தொகுப்பு உருவாகும்வரை பெரிய தொகை எதையும் கட்டாதீர்கள் என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

மென்பொருளுக்கும் காசு தேவையில்லை. வெக்டர் வரைய 2003 முதல் இருக்கும் இங்க்ஸ்கேப் முற்றிலும் இலவசம். கைவரைவு போன்ற படங்களுக்குக் கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், இரண்டும் இலவசம். முன்பு விலைக்கு விற்கப்பட்ட அஃபினிட்டி 2025 அக்டோபர் முதல் இலவசமாகிவிட்டது. இலவச மென்பொருளில் என்ன வரும் என்று இளக்காரமாகப் பேசுபவர்களிடம், 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டின் ‘ஃப்ளோ’ முழுக்க பிளெண்டரில் செய்யப்பட்டது என்று சொல்லுங்கள். அடோபி மென்பொருளைத் திருட்டுத்தனமாக நிறுவிக்கொடுத்து வகுப்பு நடத்துகிற நிலையமாக இருந்தால் அங்கே பிள்ளையை விட வேண்டாம். எழுத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் உரியவருக்கு உரிமை உண்டு, அதை மீறுவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இலேயே குவைத் அமர்வில் தீர்மானம் போட்டிருக்கிறது. நாளை தன் படத்தை ஒருவன் திருடும்போது நம் பிள்ளை எந்த வாயால் நியாயம் கேட்கும்?

முதல் ஆறு மாதம் பென்சிலும் நோட்டும் போதும். தினமும் அரை மணி நேரம். சந்தையில், பேருந்து நிலையத்தில், வீட்டுத் திண்ணையில் பார்த்ததை வரையட்டும். உருவம் வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில் சைக்கிளையும் தென்னையையும் சமையல் பாத்திரங்களையும் வரையட்டும். ஆறு மாதம் கழித்தும் நோட்டு நிரம்பிக்கொண்டே இருந்தால் ஆர்வம் உண்மையானது. இரண்டே வாரத்தில் ஓரமாகப் போனால் லட்ச ரூபாய் மிச்சம். நோட்டு நிரம்பிய பிறகு பழைய கணினி ஒன்றில் இங்க்ஸ்கேப். வரைபலகை அப்புறம். கைபேசியில் மட்டுமே பழகினால் கை சின்னதாகிவிடும் என்பது அனுபவசாலிகள் சொல்வது. பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்ற காரணத்தால் பல பெற்றோர் இதை விரும்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அறைக்குள் தனியாக உட்கார்ந்து முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் பேரம் பேசும் வேலை அது என்பதையும் உணர்ந்து, பணமும் ஒப்பந்தமும் பேசும் இடத்தில் வீட்டார் யாராவது உடனிருப்பது நலம்.

பட்டமாகவே படிக்க விரும்புகிறவர்களுக்கு அரசு வழிகள் இருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. சென்னை எழும்பூரில் 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணத்தில் உள்ள அதன் சகோதரக் கல்லூரியும் இருக்கின்றன. கட்டணம் தனியார் நிலையங்களோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. இந்த மாநில நிறுவனங்களில் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடும் பொருந்தும். தேசிய அளவில் அகமதாபாத்தை மையமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும், ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் பட்டப்படிப்பும் உண்டு. ஐ.ஐ.டி.க்கான யூசீட் தேர்வை பம்பாய் ஐ.ஐ.டி. நடத்துகிறது. அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. பிளஸ் டூவில் கலைப் பிரிவு, வணிகவியல் படித்தவர்களும் எழுதலாம். தாளில் கையால் வரையும் பகுதியும் அதில் இருக்கிறது என்பதைப் பயிற்சி நிலையக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகள் வழக்கமாகத் தவறவிடும் ஒரு காகிதத்தைச் சொல்லியாக வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தார் ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். தேசிய நிறுவனங்களில் 27 சதவீத ஒதுக்கீட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நம்மிடம் இருக்கும் மாநில பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அங்கே செல்லாது. ஒன்றிய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற குறிப்போடு, அந்த நிதியாண்டில் வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். பிளஸ் டூ தொடங்கும் ஜூனிலேயே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிட்டால் அக்டோபருக்குள் கைக்கு வந்துவிடும். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் தாசில்தார் அலுவலக வாசலில் நிற்கும் பெற்றோரில் நம்மவர்களே அதிகம்.